ஆறு சிலிண்டர் அபூர்வ வண்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1967 போன்டியாக் ஃபயர்பேர்ட் ஸ்பிரிண்ட் ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு சிலிண்டர், ஓவர்ஹெட் கேம் எஞ்சின். ஓடும் நிலையில்தான் இருக்கிறது. நேரில் பார்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெயிண்ட், சீட், குரோமியம் எல்லாம் அப்புறம். இந்த வண்டியில் உங்கள் பணம் போகும் இடம் எஞ்சினின் தலைமேல்தான் இருக்கிறது.

1966-இல் டெம்பெஸ்ட், லெ மான்ஸ் வண்டிகளில் வந்து, 1969-உடன் நின்றுபோன எஞ்சின் இது. முதலில் 230 கன அங்குலம். 1968 முதல் 250. இதன் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; சுருக்கமாக கேம்) சுழல்வது மேலே இருக்கும் அலுமினிய வார்ப்புக்குள். நடுவில் தனி பேரிங் கிடையாது, கேம் நேராக அலுமினியத்தின் மேலேயே ஓடுகிறது. கசண்டு அடைத்து ஆயில் மேலே ஏறாமல் போனால் தேய்வது அந்த வார்ப்பேதான். மாற்றிப் போட ஷெல் (தேய்ந்தால் மாற்றும் பேரிங் தகடு) இல்லை. நல்ல வார்ப்பு இன்னொன்று தேட வேண்டும். இல்லையென்றால் கை தேர்ந்த லேத் பட்டறையில் துளைகளைப் பெரிதாக்கி புஷ் (உள்வளையம்) அடிக்க வேண்டும். எல்லாத் துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் புதுக் கேமும் வீண்.

கேமைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டைமிங் பெல்ட்டை இறக்கி வார்ப்பையே கழற்ற வேண்டும். விற்பவர் அதற்கு ஒப்பமாட்டார். எனவே சுற்றி வளைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே தார் போலக் கறுப்புப் படிவு இருந்தால் மேலே ஆயில் சரியாகப் போகவில்லை என்று சந்தேகப்படலாம். அடுத்து, டேஷ்போர்டின் சிவப்பு விளக்கை நம்பாமல் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, வண்டியை 20 நிமிடமாவது ஓட்டிவிட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் எல்லா வண்டியும் நல்ல அழுத்தம் காட்டும். சூட்டில், நிமிடச் சுழற்சி ஒவ்வொரு 1000-க்கும் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) என்பது பழைய எஞ்சின்களுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால் விலையில் எஞ்சின் வேலைச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

ஸ்பிரிண்ட்தானா என்பது வேறு கேள்வி. வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 6-இல் தொடங்கினால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த போன்டியாக். ஆனால் ஸ்பிரிண்ட் என்பதை அந்த எண் சொல்லாது. நான்கு பேரல் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரும் இரட்டை வாய் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் இருக்க வேண்டும். இரண்டையும் பிறகு வாங்கி மாட்டிவிடவும் முடியும். போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் வண்டியின் தொழிற்சாலை ஆவண நகல் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: அதே எஞ்சின் என்னிடமும் இருக்கிறது. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பெல்ட் மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வயதுதான் தெரியும். கண்ணாடி இழை வைத்த ரப்பர் பெல்ட் ஓடாமல் நின்றாலும் இறுகிப்போகும்; நீண்ட நாள் ஒரே இடத்தில் மடிந்து நிற்கும் பல்லின் அடியில் விரிசல் விடும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது உத்தமம்.

மாற்றும் முறை: பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்கைக் கையால் திருப்புவது சுலபம். முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் முடிவுக்குக் கொண்டுவந்து குறிகளைச் சேருங்கள். இங்கேதான் பலரும் சறுக்குவது: கேம், கிராங்க் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஆக்சஸரி ஹவுசிங்கையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்புவது), ஆயில் பம்ப், பெட்ரோல் பம்ப் மூன்றும் அதில்தான். அந்தப் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி மாட்டினால் இக்னிஷன் டைமிங் தப்பிவிடும். நீங்கள் கார்புரேட்டரை வைத்து ஒரு வாரம் மல்லுக்கட்டுவீர்கள்.

இதில் தனி டென்ஷனர் உருளை இல்லை. ஹவுசிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹவுசிங்கையே மேலும் கீழும் நகர்த்தித்தான் இழுப்பு வைக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். முடிந்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, குறிகள் மறுபடி சேருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக் போட வேண்டும். முன் சீலில் ஆயில் கசிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஆயிலில் ஊறிய புது பெல்ட் பழையதைவிட மோசம்.

கேள்வி: 1965 மஸ்டாங், 200 கன அங்குல ஆறு சிலிண்டர். கார்புரேட்டரைப் புதிதாக மாற்றினேன். அதிலிருந்து பிக்கப் செத்துவிட்டது. ஜெட் மாற்றியும் பயனில்லை.

பதில்: ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் துளை) விடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். அந்த வருட வண்டியில் இருப்பது லோட்-ஓ-மேட்டிக் என்ற வகை. அதற்குள் வேகம் கூடும்போது விரியும் எடைக்கட்டிகளே கிடையாது. சுழற்சி கூடும்போது ஸ்பார்க்கை முன்னே தள்ளுவது முழுக்க எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தின் வேலை. ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரில் இருக்கும் ஸ்பார்க் கன்ட்ரோல் வால்வு என்ற சின்ன உருளைதான் அந்த வெற்றிடத்தைப் பதமாக அனுப்பி வைக்கும். நீங்கள் மாட்டிய கார்புரேட்டரில் அந்த வால்வு இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் குருடாகிவிடும்.

வழி இரண்டு. வால்வு உள்ள பழைய கார்புரேட்டரையே ரிப்பேர் கிட் போட்டு மாட்டலாம். அல்லது 1968-க்குப் பிந்தைய, எடைக்கட்டியும் வெற்றிட டயஃப்ரமும் சேர்ந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறலாம். இரண்டாவது வழியில் போனால், ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டின் தடிமனை அளந்து பாருங்கள். வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது.

கேள்வி: அதே மஸ்டாங்கில் வி8 வைத்துவிட்டால் என்ன? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பதில்: சொல்பவர்கள் பில் கட்டப்போவதில்லை. ஆறு சிலிண்டர் வண்டியின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், வி8-க்கு ஐந்து. முன் பிரேக் டிரம் 9 அங்குலம், வி8-க்கு 10. பின் ஆக்சிலும் மெல்லியது. எஞ்சின் மாற்றினால் ஹப், பிரேக், ஸ்பிரிங், ஆக்சில், ரேடியேட்டர் எல்லாம் பின்னாலேயே வரும். முடிவில் கிடைப்பது, வி.ஐ.என்.-இன் ஐந்தாவது இடத்தில் ஆறு சிலிண்டரைக் குறிக்கும் ‘டி’ (T) காட்டிக்கொடுக்கும் ஒரு போலி வி8.

ஆறிலேயே இன்னும் இழுவை வேண்டுமென்றால் தடை ஹெட்தான் (சிலிண்டர்களின் மேல்மூடி). இன்டேக் மானிஃபோல்டு ஹெட்டோடு ஒரே வார்ப்பு. மரக்கட்டை போல ஒரு குழாய், நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர். ஓரத்து சிலிண்டர்களுக்குக் கலவை சரியாகப் போய்ச் சேராது. ஆஸ்திரேலிய ஃபால்கனின் 250-2வி ஹெட்டில் மானிஃபோல்டு தனியாகக் கழலும். அது கிடைத்தவர்கள் அதைத்தான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: ஆஸ்திரேலிய வேலியன்ட் சார்ஜர், 265 கன அங்குல ஹெமி எஞ்சின், மூன்று வெபர் கார்புரேட்டர். ஐட்லிங்கில் குதிக்கிறது, பின்னால் வெடிக்கிறது.

பதில்: இ49 தலைமுறையில் 302 குதிரைத்திறன் தந்த அமைப்பு இது. 45 டி.சி.ஓ.இ. வெபர் மூன்று, வாய் ஆறு, சிலிண்டருக்கு ஒன்று. ஒரு வாய் தப்பினாலும் ஆறும் கெட்டதுபோல் தெரியும்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். வெபருக்கு 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ. போதும், வேகமான எலெக்ட்ரிக் பம்ப் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே கொட்டிவிடும். அடுத்து மானிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையங்கள். நட்டை முறுக்கி நசுக்கிவிட்டால் காற்று கசியும், நீங்கள் சொல்லும் அதே வெடிப்பு வரும். இரண்டும் சரியென்றால் மூன்று கார்புரேட்டர்களுக்கு நடுவிலுள்ள லிங்க்கைக் கழற்றி, காற்றளவு மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்து ஆறையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகே மிக்ஸ்சர் ஸ்க்ரூ. லிங்க் மாட்டியபடியே டியூன் செய்வது தராசுத் தட்டைக் கையால் அழுத்திக்கொண்டு எடை பார்ப்பது மாதிரி.

கேள்வி: பழைய எஞ்சினுக்கு இன்றைய ஆயிலும் ஈயமில்லாப் பெட்ரோலும் சரிப்படுமா?

பதில்: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க வேண்டி 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸை 800 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அடக்கிவிட்டார்கள். உராய்ந்து ஓடும் கேமுக்கு அது குறைவு. 1000-1200 பிபிஎம் துத்தநாக–பாஸ்பரஸ் உள்ள ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள். பெட்ரோல் விஷயத்தில், பழைய வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது ஈயம்தான்; ஆனாலும் நிதானமாக ஓட்டினால் அவசரமில்லை. ஹெட்டைக் கழற்றும் நாள் வரும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கரைக்கும்; ஹோஸ்களை மட்டும் இந்த வாரமே மாற்றுங்கள்.