ஓகேயு இடம் நிரம்பியிருந்தால் குடும்பப் பார்க்கிங்கில் நிறுத்தலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தவர். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றிய மைவி கார் ஓட்டுகிறார், பெரும்பாலும் தனியாகத்தான். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பினாங்குத் தீவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருக்கிறார். ஓகேயு இடங்கள், அதாவது மாற்றுத் திறனாளிகளுக்கான பார்க்கிங் இடங்கள், எல்லாம் நிரம்பியிருந்தன, அவற்றில் பாதிக் கார்களில் சக்கர நாற்காலி ஸ்டிக்கரே இல்லை. பக்கத்தில் ‘குடும்பப் பார்க்கிங்’ என்று எழுதிய அகலமான இடம் காலியாக இருக்க, அதில் நிறுத்திவிட்டு நாற்காலியை இறக்கிக்கொண்டிருக்கும்போது கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், “இது உங்களுக்கு உள்ள இடம் இல்லையே அண்ணே, உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே” என்று சத்தம் போட்டிருக்கிறார். ஜாகாவும் (காவலாளி) வந்து காரை எடுக்கச் சொல்லிவிட்டார். வாசகரின் கேள்விகள்: நான் செய்தது தப்பா? சம்மன் வருமா? இனிமேல் இப்படி ஆனால் என்ன செய்வது?

நேராகச் சொல்கிறேன். நீங்கள் செய்தது சட்டப்படியும் தப்பில்லை, நியாயப்படியும் தப்பில்லை. ஆனால் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய எல்லாக் காருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன், ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் சட்டம். ஓகேயு இடமும் குடும்ப இடமும் ஒரே மாதிரி பலகை வைத்திருந்தாலும் இரண்டுக்கும் பின்னால் இருப்பது வேறு வேறு. ஓகேயு இடத்துக்குப் பின்னால் 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685 இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 26வது பிரிவு சொல்கிறது. அரசாங்கக் கட்டடம் மட்டும் என்று அது சொல்லவில்லை, பேரங்காடியும் இதில் அடங்கும். அதோடு கட்டடத் துணைச் சட்டம் 34ஏ இருக்கிறது, அளவுகளைச் சொல்லும் எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரக்குறிப்பு இருக்கிறது. குடும்பப் பார்க்கிங்குக்கு இப்படி எதுவும் கிடையாது. இளஞ்சிவப்புச் சாயம் அடித்த பெண்கள் பார்க்கிங் போலவே இதுவும் பேரங்காடி நிர்வாகம் தன் வாடிக்கையாளர்களுக்காகத் தானே செய்துகொண்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தை இல்லாமல் அதில் நிறுத்தியதற்காக மாநகர் மன்றமோ போலீஸோ சம்மன் எழுத எந்தப் பிரிவும் இல்லை. நிர்வாகம் நகரச் சொல்லலாம், அது அவர்கள் இடம். அவ்வளவுதான்.

பிரிட்டனிலும் இதே சண்டை சூப்பர்மார்க்கெட் வாசல்களில் நடக்கிறது. அங்கே மாற்றுத் திறனாளிகளுக்கான நீல பார்க்கிங் அட்டை வைத்திருப்பவர்கள் இடம் இல்லாமல் குழந்தைக் குடும்பங்களுக்கான இடத்தில் நிறுத்துவதும், பெற்றோர்கள் கோபப்படுவதும் பழைய கதை. அங்கேயும் பெற்றோர் இடம் கடைக்காரரின் ஏற்பாடுதான். வித்தியாசம் என்னவென்றால், அந்த நாட்டின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் ஊனமுற்ற வாடிக்கையாளருக்காக நியாயமான மாற்றம் செய்துதர வேண்டும் என்று கடைக்காரரையே பிடிக்கிறது, செய்யாவிட்டால் நீதிமன்றம் போகலாம். நம்முடைய சட்டம் 685 உரிமை தருகிறது, ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று ஒரு வரி கூட அதில் இல்லை. 2010இல் ஐநா மாற்றுத் திறனாளிகள் உடன்படிக்கையை மலேசியா ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த ஓட்டை அடைபடவில்லை. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் கார் பார்க்கில் இரண்டு தேவையுள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஸ்டிக்கர் இல்லாமல் ஓகேயு இடத்தில் நிறுத்தியவர் நிம்மதியாக மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது நியாயம். இதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். சாதாரண பார்க்கிங் இடம் நம் ஊரில் சுமார் இரண்டரை மீட்டர் அகலம். இப்போது சாலையில் ஓடும் மைவி 1.735 மீட்டர் அகலம். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 38 செண்டிமீட்டர் மிஞ்சும். கையால் தள்ளும் சக்கர நாற்காலி ஒன்றே 60 முதல் 70 செண்டிமீட்டர் அகலம் இருக்கும், கார் கதவை முழுக்கத் திறக்க அதைவிட அதிகம் வேண்டும். ஓகேயு இடத்தை 3.6 மீட்டர் அளவில் போடுவது இதற்காகத்தான், லிப்டுக்குப் பக்கத்தில் என்பது அடுத்த விஷயம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நடக்கச் சிரமம், அதனால் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நூறு மீட்டர் உருட்டிப் போவது பெரும்பாலானோருக்குப் பெரிய விஷயமில்லை. காரிலிருந்து நாற்காலிக்கு மாற முடியாவிட்டால்தான் எல்லாமே நின்றுவிடுகிறது.

இறங்குவதையாவது சமாளிக்கலாம், காலி இடமாகப் பார்த்து ஓரமாக நிறுத்தினால் போதும். திரும்பி வரும்போதுதான் உண்மையான பிரச்சினை. நீங்கள் பொருள் வாங்கிக்கொண்டு வருவதற்குள் வலது பக்கத்தில் ஒரு கார் ஒட்டி நின்றிருக்கும். கதவு கால்வாசிதான் திறக்கும். நடக்க முடிந்தவர் என்றால் இடது பக்கக் கதவால் ஏறி கியரைத் தாண்டி வந்து உட்கார்ந்துவிடுவார். உங்களால் முடியாது. அந்தக் கார்க்காரர் படம் பார்த்து முடித்து வரும்வரை கார் பார்க்கின் வெக்கையில் காத்திருக்க வேண்டும், அல்லது முன்பின் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வெளியே எடுத்துத் தரச் சொல்ல வேண்டும், அவருக்கோ கைக் கட்டுப்பாட்டுக் காரை எப்படி ஓட்டுவது என்று தயக்கம். நாற்காலியில் தனியாக ஓட்டிப் போகும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை ஒன்றாவது வைத்திருப்பார்.

அந்தத் தாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் தனியார் காரில் குழந்தைக்கான இருக்கை கட்டாயம். கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்தமாதிரி உட்காரவைக்கும் அந்த இருக்கையிலிருந்து பெல்ட்டைக் கழற்றி, தலையைப் பிடித்துத் தூக்க கதவு நன்றாகத் திறந்தே ஆக வேண்டும், 38 செண்டிமீட்டரில் அது நடக்காது. இரட்டைக் குழந்தைகளோடு தனியாக வரும் அம்மாவின் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கூட ஒருவர் இருந்தால் லாபியில் இறங்கிக்கொள்ளலாம். குழந்தை இருக்கையை எந்தப் பக்கம் பொருத்துவது என்பதைத் தீர்மானிக்கலாம். கடைசி மாடியில் காலியாக இருக்கும் வரிசையில் நிறுத்தி நடந்து வரலாம். அலுப்புதான், ஆனாலும் முடியும். தனியாக ஓட்டி வரும் சக்கர நாற்காலிக்காரருக்கு லாபியில் இறங்கும் வழி இல்லை, ஏனென்றால் காரை யார் எடுத்துப் போவது? அகலம் இல்லை என்றால் அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருவருக்குச் சிரமம், இன்னொருவருக்கு முடியவே முடியாது என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் எல்லா ஓகேயு அட்டைக்கும் ஒரே பதில் சொல்ல மாட்டேன் என்றேன். நம் நாட்டில் அட்டை ஏழு வகைக் குறைபாடுகளுக்குக் கொடுக்கப்படுகிறது: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல குறைகள் சேர்ந்தது. காது கேளாதவர் ஒருவர் கார் ஓட்டுகிறார், அட்டை இருக்கிறது. அவருக்குக் கதவு முழுக்கத் திறக்க வேண்டிய தேவை இல்லை, எனவே குடும்ப இடத்தை எடுப்பது நியாயம் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போகிறவர் லாபியில் இறக்கிவிட்டு, கூட ஒருவரைத் துணைக்கு நிற்கவைத்துவிட்டு வேறு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதே சமயம் ஆட்டிசம் உள்ள பத்து வயதுப் பையன் காரிலிருந்து இறங்கியதும் ஓடிவிடுவான் என்று பயப்படும் அம்மாவுக்கு லிப்டுக்குப் பக்கத்து இடம் உண்மையிலேயே தேவை. பார்க்க ‘நன்றாக இருக்கிறானே’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், இந்த இடம் இல்லாவிட்டால் இவரால் காரைவிட்டு இறங்கவோ பத்திரமாக உள்ளே போகவோ முடியுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரி, இனி என்ன செய்வது?

குடும்ப இடத்தில் நுழைவதற்கு முன் அதன் அகலத்தைப் பாருங்கள். சில இடங்களில் சாதாரண கட்டத்துக்கே குழந்தைப் படத்தைத் தீட்டி வைத்திருக்கிறார்கள், அதில் நிறுத்துவதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை, சண்டைதான் மிச்சம். அங்கிருந்து லிப்டுக்குப் போகும் வழியில் சரிவு இருக்கிறதா, படி இருக்கிறதா என்றும் பாருங்கள், குடும்ப இடங்களைத் தள்ளுவண்டிக்காகப் போட்டாலும் ஓர் அங்குலக் கல்விளிம்பை மறந்துவிடுவார்கள்.

சாதாரண இடத்தையே எடுப்பதானால் வரிசையின் கடைசிக் கட்டத்தைத் தேடுங்கள். நம் காரில் ஓட்டுநர் வலது பக்கம் என்பதால், வரிசையைப் பார்த்தபடி வரும்போது வலது கோடி கட்டம் கிடைத்தால் முன்பக்கமாக நுழையுங்கள், இடது கோடி என்றால் ரிவர்ஸில் நுழையுங்கள். இரண்டிலும் உங்கள் கதவு திறந்த பக்கம் வரும். தூண் இருந்தால் இது உதவாது. சுவர் ஒட்டி இருந்தாலும் அப்படித்தான். நடைபாதையோ கோடு போட்ட காலி இடமோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஜாகாவைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கடைகளில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள், அதனால் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து அவர் நம்பாததில் தப்பில்லை. சமூக நல இலாகா தந்த அட்டையைக் கையருகே வைத்துக்கொண்டு முதலிலேயே காட்டுங்கள். “ஓகேயு இடம் நிரம்பியிருக்கிறது, எனக்கு அகலம் வேண்டும், பக்கத்தில் ஒரு கூம்பு வையுங்கள்” என்று கேளுங்கள். நகரச் சொன்னால், “எந்த அகலமான இடத்துக்கு நகரட்டும், காட்டுங்கள்” என்று அமைதியாகக் கேளுங்கள், அதற்கு அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டே ஆக வேண்டும், நீங்கள் பேச வேண்டியவரும் அந்த மேலதிகாரிதான். கண்ணாடிக்குள் ஒரு தாளும் வைத்துவிடுங்கள்: ‘பெங்குனா கெருசி ரோடா, சிலா திங்கால்கான் ருவாங் 1 மீட்டர்’ (சக்கர நாற்காலி பயன்படுத்துபவர், 1 மீட்டர் இடம் விடுங்கள்). எழுத்து பெரிதாக இருக்கட்டும். படித்துவிட்டு ஒதுங்கி நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

நிர்வாகம் கார் சக்கரத்தில் பூட்டு போட்டுவிட்டால் கத்துவதில் பயனில்லை. பலகை, பூட்டு, நிரம்பிய ஓகேயு இடங்கள், ஸ்டிக்கர் இல்லாத கார்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள், பூட்டைத் திறக்கக் கேட்கும் பணத்தை ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை அது விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. அந்தப் படங்களை முகநூலில் போட்டு யார் எண்பலகையையும் நாறடிக்காதீர்கள் என்பது என் கருத்து. உண்மையில் தப்பு செய்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சில சமயம் உண்மையான அட்டைக்காரரே சிக்கிக்கொள்கிறார்.

புகார் எழுதும்போது அந்தப் பெண்ணைப் பற்றியோ ஜாகாவைப் பற்றியோ எழுதாதீர்கள். பேரங்காடி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், அதன் நகல் பினாங்கு மாநகர் மன்றத்துக்கு, கோலாலம்பூர் என்றால் அங்கே உள்ள மாநகர் மன்றமான டிபிகேஎல்லுக்கு. சட்டம் 685இன் 26வது பிரிவையும் துணைச் சட்டம் 34ஏயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். தேதி, நேரம், எத்தனை ஓகேயு இடங்கள், அவற்றில் எத்தனையில் ஸ்டிக்கர் இல்லை என்று எழுதுங்கள். இரண்டு விஷயம் கேளுங்கள்: விழாக்கால வார இறுதிகளில் ஓகேயு இடங்களுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும், ஓகேயு இடம் நிரம்பினால் அட்டை உள்ளவர் குடும்ப இடத்தைப் பயன்படுத்தலாம் என்று பலகையிலேயே எழுத வேண்டும். நான் கட்டடங்களில் அணுகல் தணிக்கை செய்யப் போகும்போது இந்த இரண்டாவதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறேன், காரணம் அதற்கு ஆகும் செலவு ஒரு பலகை, ஆனால் ஜாகா, தாய், நீங்கள் மூவருமே சண்டை போட வேண்டியதில்லை.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்று கேட்டிருந்தீர்கள், அவசரத்துக்கு உங்கள் மனைவி அதே காரை எடுத்துப் போனால் ஓகேயு இடத்தில் நிறுத்தலாமா என்று. நீங்கள் காரில் இருந்தால் நிறுத்தலாம், உங்களை அழைத்து வரப் போகிறார் என்றாலும் சரி. நீங்கள் வீட்டில் இருக்க அவர் மட்டும் சாமான் வாங்கப் போகிறார் என்றால் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் கூடாது. குழந்தை கூட வந்தால் குடும்ப இடத்தில் தாராளமாக நிறுத்தட்டும்.