கணினி கேள்வி பதில்: கரண்ட் வந்தும் எழும்பாத சேர்வர்

கேள்வி: எங்கள் அரிசி ஆலை அலுவலக சேர்வரில் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரே சேர்வருக்குள் பல கணினிகளை மென்பொருளாக இயக்க உதவுவது) போட்டு, தரவுத்தளத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இரண்டு மெய்நிகர் கணினிகள் வைத்திருக்கிறோம். கரண்ட் போய் வந்தால் இரண்டையும் கையால்தான் தொடக்க வேண்டியிருக்கிறது. ஏன்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: புரொக்ஸ்மொக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஸ்டார்ட் அட் பூட்’ இயல்பாக ‘நோ’ என்றுதான் இருக்கும், இரண்டிலும் ‘யெஸ்’ ஆக்குங்கள். தரவுத்தளம் முதலில் எழும்ப, தொடங்கும் வரிசை எண்ணை அதற்கு 1 என்றும், அடுத்தது தொடங்கும் வரையான தாமதத்தை 120 விநாடி என்றும் கொடுங்கள்; கணக்குக்கு 2. அணையும்போது வரிசை தலைகீழாகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பற்றரி தீர்ந்து பொத்தென்று நிற்பது. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளால் சேர்வரில் இணைத்து ‘நட்’ (NUT) மென்பொருளை அமையுங்கள்; அது பற்றரியைக் கவனித்து சேர்வரை முறையாக அணைக்கும். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் அணைய 180 விநாடி வரை எடுக்கலாம். அதனால் பற்றரி பாதியாகும்போதே அணைப்பு தொடங்கட்டும். தரவைக் காக்க ஸ்னாப்ஷாட்டை (மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) மட்டும் நம்பியிருக்காதீர்கள், அது கிடப்பதும் அதே வட்டில்தான்.