மலைமுகட்டில் பருந்து எண்ணும் நாள்: கேள்வி பதில்

கேள்வி: விடிந்ததிலிருந்து ஒரே மூடுபனி. வலசை போகும் பருந்துகளின் இன்றைய எண்ணிக்கையை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பனி மூடிய மணி நேரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பறவை 0, எதிர் முகடு தெரியவில்லை. எழுதாவிட்டால், பறவை வராத நேரம் எது, ஆள் பார்க்காத நேரம் எது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், நூறு கழுகுகள் வந்த மணிக்கு இருக்கும் மதிப்பு இந்த 0-க்கும் உண்டு.

கேள்வி: எந்தக் காற்றுக்குக் காத்திருப்பது?

மலைத்தொடரில் குறுக்காக வந்து மோதும் காற்றுக்கு. சரிவில் மோதிய காற்று மேலே எழும்பும். பறவைகள் அதன்மேல் சிறகடிக்காமலே வெகுதூரம் போய்விடும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் மலையில், குளிர்காற்று முகப்பு (நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) கடந்து வடமேற்குக் காற்று எழும் இலையுதிர்கால நாள் என்றால் கண்காணிப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். அதே முகட்டில் முன்பு பருந்துகளைச் சுட வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். 1934-ல் பறவைப் பாதுகாப்புக்காகப் போராடிய ரோசாலி எட்ஜ் அதைச் சரணாலயமாக்கிய பிறகுதான் சுடுவது நின்றது.

கேள்வி: நூற்றுக்கணக்கில் சுழலும் கூட்டத்தை எண்ணவே முடியவில்லையே?

சுழலும்போது எண்ணாதீர்கள். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றில் அவை வட்டமிட்டு ஏறுகின்றன. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு. உச்சிக்குப் போனதும் சிறகை லேசாக மடக்கி, வரிசையாகச் சறுக்கி வெளியேறும். அரங்கில் இருப்பவர்களை வாசலில் நின்று எண்ணுவதுபோல, பைனாகுலரை அந்த வரிசையில் ஓரிடத்தில் நிறுத்தி, கடப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். கையில் கிளிக்கர் (அழுத்த அழுத்த எண் கூடும் சிறு கருவி) இருந்தால் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. வரிசை நெருக்கமானால் பத்துப் பத்தாக எண்ணலாம்.

கேள்வி: மேகமே இல்லாத நீலவானம்தானே வசதி?

அதுதான் கஷ்டம். உயரத்தில் போகும் பறவை நீலத்தில் கரைந்துவிடும். கண்ணுக்குப் பிடிமானமும் கிடைக்காது. தூரத்து முகட்டில் ஃபோகஸ் வைத்து, அப்புறம் மெதுவாக மேலே நகர்த்துங்கள். வெள்ளை மேகம் வந்தால் அதன் ஓரத்தை விடாதீர்கள்.

கேள்வி: ஒரே பருந்து நாலு தடவை வந்தால்?

அங்கேயே வாழும் பறவையாக இருக்கலாம். வலசைத் திசையில், நீங்கள் மனதில் வைத்திருக்கும் எல்லைக்கோட்டைக் கடந்து மறைந்ததை மட்டும் கணக்கில் சேருங்கள். இனம் பிடிபடாவிட்டால் 'அடையாளம் தெரியாத பருந்து' என்றே எழுதுங்கள்; ஊகித்து ஒரு பெயர் போட வேண்டாம்.

கேள்வி: மழை வந்தால்?

பெரும்பாலானவை மரத்தில் அமர்ந்துவிடும். மழை விட்டு வெயில் வந்ததும் கிளம்பும், அதனால் சீக்கிரம் திரும்பிவிடாதீர்கள். ஆனால் இடி கேட்டால் அந்த நிமிடமே முகட்டை விட்டு இறங்கி, நிறுத்திய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.