எடை குறைகிறது, வயிறு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது?

வயிறு குறைய என்று நீங்கள் எடுக்கிற அந்த மெலிவுத் தூளை இன்றோடு நிறுத்திவிடுங்கள், தங்கச்சி. நாளைக்கே போய் இரத்தத்தில் சீனி பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உப்புவெளியில் இருந்து எழுதிய உங்கள் கடிதம் முழுக்க வயிற்றுக் கொழுப்புத்தான்: தேங்காய்ப்பால், இரவுச் சோறு, வெந்நீரில் தேசிக்காய். ஆனால் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டைக் குறைக்காமலே இரண்டு மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டது, இரவில் மூன்று நான்கு தடவை சலம் போக எழும்புகிறேன், வயிறு மட்டும் இறங்கவில்லை, தூளின் அளவைக் கூட்டலாமா என்று. அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் கால்விரல் எடுத்தார்கள் என்பதும், இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது உங்களுக்கே சீனி கூடியிருந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. பிறகு 11 வருடமாக ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்ற பயம்தான் உங்களைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வந்திருக்கலாம். இரத்தத்தில் இருக்கிற சீனியை உடம்பால் பயன்படுத்த முடியாதபோது அது சலத்தோடு வெளியே போகிறது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் உடைத்து எரிக்கத் தொடங்குகிறது. சட்டையின் கை தொளதொளத்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்த அறிகுறிகளோடு சாப்பிட்ட பிறகு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 (mg/dL), வெறுவயிற்றில் 126, இவற்றில் ஒன்றைத் தொட்டால் நீரிழிவுதான். வெறுவயிறு வேண்டும் என்று நாள் தள்ளாதீர்கள். இடையில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், அரை மயக்கம் என்று ஏதாவது வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீனி சரியாக இருந்தாலும் எடை குறைந்த கதையை வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும், தைரொயிட் உட்பட வேறு காரணங்களும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா தந்த, சீனி வருத்தத்துக்கான மெற்போமின் குளிசையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அது நல்ல மருந்து, ஆனால் உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியாது.

சரி, வயிறு. தோலுக்கு அடியில் கையால் பிடிக்கக்கூடிய கொழுப்பு அவ்வளவு கெட்டதில்லை. ஈரலையும் குடலையும் சுற்றி உள்ளே படிவதுதான் இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்துகிற இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. தெற்காசியர்களான நமக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே அது சேர்ந்துவிடுகிறது, அதனால் வயிற்றுச் சுற்றளவின் எல்லையும் நமக்குக் குறைவு: பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபிறகு பாருங்கள்.

சொதிக்கு அளவாகப் பால் விடுவதாலோ இரவில் சோறு சாப்பிடுவதாலோ இது வருவதில்லை. தேசிக்காய்த் தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது, கெடுதலும் இல்லை. வயிற்றுக்கென்று செய்கிற பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாக எடுக்காது. ஒரு சாப்பாட்டைக் குற்றவாளியாக்கி இணையத்தில் வருகிற வீடியோக்களைப் பார்த்து நீங்கள் தேங்காயை நிறுத்தினீர்கள், பாணை நிறுத்தவில்லை. முழு நாளையும் பார்க்கவேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காலையில் பாணும் சம்பலும், பாடசாலை இடைவேளையில் ரோல்ஸ், மத்தியானம் குவித்த வெள்ளைச் சோறும் இரண்டு கரண்டி கறியும், நாலு மணிக்கு பிஸ்கற், இரவில் புட்டு அல்லது கொத்து. இதற்கிடையில் ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. 15 கரண்டி என்றால் குறைந்தது 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 50 கிராமைத் தாண்டவேண்டாம், 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது, நீங்கள் தேத்தண்ணியிலேயே தாண்டிவிடுகிறீர்கள். சீனியில் பாதி புருக்டோஸ் என்ற இனிப்பு, அது கூடும்போது ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

ஓட்ஸ் வாங்க ஓடவேண்டாம். தேத்தண்ணிச் சீனியை வாரத்துக்கு ஒரு கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கோப்பையில் சோறு கால்வாசி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் போல மரக்கறி பாதி, மிச்சத்தில் பருப்போ கடலையோ சூடை மீனோ. சூடையைப் பொரிக்காமல் புளிவிட்டுக் குழம்பு வையுங்கள். குத்தரிசி நல்லதுதான், அதற்காக இரண்டு மடங்கு போடக்கூடாது. அமெரிக்காவில் சீனி எல்லைக்கோட்டில் இருந்தவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. உணவை மாற்றி எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தவர்களிடம் நீரிழிவு 58 சதவீதம் குறைவாக வந்தது. உங்களுக்கு எல்லையைத் தாண்டியிருந்தாலும் இதே சாப்பாடுதான், கூடவே மருந்து. காலம் தாழ்த்தாமல் கட்டுப்பாட்டில் வைத்தால் அம்மாவின் காலுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

போகும்போது தூளின் பெட்டியையும் எடுத்துப் போங்கள். இப்படி விற்கிற மெலிவுத் தூள்கள் சிலவற்றில் சிபுட்ராமின் கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம் என்று 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. 48 வயதாகியும் ஒருதடவையும் சீனி பார்க்காத அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.