சொந்தமாகக் கட்டிய லினக்ஸில் ரேடியான் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஃபர்ம்வேர் போட்டும் திரை கறுப்பாகவே இருக்கிறது. கார்டு போய்விட்டதா?

கேட்டவர் லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் முறையில் எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டியிருக்கிறார். கார்டு ஆர்எக்ஸ் 580. ஃபர்ம்வேர் கோப்புகள், அதாவது கார்டு இயங்கத் தேவையான சின்ன நிரல்கள், சரியான ஃபோல்டரில்தான் இருக்கின்றன என்கிறார்.

கார்டு போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அவசரப்பட்டு வேறு வாங்கிவிடாதீர்கள்.

எனக்கும் இதே கார்டில் இதே நடந்தது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீடு. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டு விசைத்தறி ஓய்ந்த பிறகு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைக் கம்பைல் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பூட் செய்தால் நாலைந்து வரி ஓடித் திரை கறுத்துவிட்டது. கார்டைக் கழற்றி ஒரு கடையில் காட்டினேன். "சிப் போயிடுச்சுங்க, வேற வாங்கிக்கங்க" என்றார்கள். மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்து திரும்ப மாட்டினேன். தம்பிதான் கவனித்தான்: "அண்ணா, கேப்ஸ் லாக் அமுக்கினா லைட் எரியுதே!"

அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்து அணைந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது, திரைக்குத்தான் படம் போகவில்லை. தம்பியின் மொபைலிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினுக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போய்க் கர்னல் லாகைப் பார்த்தோம். போலாரிஸ்10 (என் கார்டின் சிப் பெயர்) என்று தொடங்கும் ஒரு கோப்பின் பெயர், கடைசியில் எரர் மைனஸ் 2. மைனஸ் 2 என்றால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பொருள். ஆனால் டிஸ்கில் அது இருந்தது!

விஷயம் இதுதான். கார்டை இயக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவரை நான் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தேன். அப்படிக் கட்டினால், ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) மவுன்ட் ஆவதற்கு, அதாவது திறப்பதற்கு, முன்பே டிரைவர் எழுந்து ஃபர்ம்வேரைத் தேடும். ஃபர்ம்வேரோ அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதை.

இதற்கு எளிய வழி, டிரைவரை மாட்யூலாக, அதாவது பிறகு தனியாக ஏற்றும் துண்டாக, கட்டுவது. ரூட் மவுன்ட் ஆன பிறகு அது ஏறும், கோப்பும் கிடைக்கும். நான் இதைத்தான் சொல்வேன். உள்ளேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இன்னும் இரண்டு வழி உண்டு: ஃபர்ம்வேரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் ஆகும்போதே மெமரியில் ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பு) வைக்கலாம், அல்லது கர்னல் கான்ஃபிகில் (கட்டும்போது போடும் அமைப்புகள்) 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்' என்ற இடத்தில் கோப்புகளின் பெயர்களை இடைவெளி விட்டு எழுதிக் கர்னலோடு சேர்த்துவிடலாம். இதில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. போலாரிஸ்10 என்ற பெயரில் மட்டும் இருபது சொச்சம் கோப்புகள். ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததற்கு அழும், ஒவ்வொரு தடவையும் திரும்பக் கம்பைல். பேசாமல் அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

பெட்டியில் இருக்கும் பெயரை வைத்துக் கோப்பு தேடாதீர்கள், சிப்பின் பெயர்தான் கணக்கு. 570, 580 இரண்டுக்கும் போலாரிஸ்10, ஆனால் 560க்குப் போலாரிஸ்11.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டேன். ஏற்காட்டில் மாமா வீட்டு மெஷினுக்கும் இதே மாதிரி கட்டிக் கொடுத்தேன். அங்கே நெட் சரியாக வராது. அதனால் தம்பி லேப்டாப்பின் உபுண்டுவிலிருந்து ஃபர்ம்வேர் ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அங்கே போனால் திரும்பவும் மைனஸ் 2. டிரைவர் மாட்யூல்தான், பெயரும் சரி. கோப்பின் வாலைப் பார்த்தால் இசட்எஸ்டி என்று இருக்கிறது! இப்போது உபுண்டு மாதிரிப் பல டிஸ்ட்ரோக்கள் ஃபர்ம்வேரைச் சுருக்கித்தான் தருகின்றன. சுருக்கியதைப் படிக்கும் வசதியைக் கர்னல் கான்ஃபிகில் நாம்தான் இயக்க வேண்டும். எக்ஸ்இசட் சுருக்கத்துக்குக் கர்னல் 5.3 முதலும், இசட்எஸ்டிக்கு 5.19 முதலும் அந்த வசதி உண்டு. நான் கோப்புகளை அங்கேயே விரித்துப் போட்டுவிட்டேன், வேலை முடிந்தது.

திரை வந்த பிறகு ஒன்று பாருங்கள். படத்தை எது வரைகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கமாண்டை ஓட்டினால் ரெண்டரர் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று வருகிறதா? அப்படியானால் படம் வரைவது சிபியு, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும், கிராஃபிக்ஸ் லைப்ரரியான மெசாவை அதன் ரேடியான்எஸ்ஐ டிரைவரோடு கட்டவில்லை என்று அர்த்தம். அதைக் கட்டுவதற்கு முன்னால் எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பில் ஏஎம்டிஜிபியு டார்கெட்டும், கர்னலோடு பேசும் லிப்டிஆர்எம் லைப்ரரியில் ஏஎம்டிஜிபியு ஆதரவும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் இருந்தும் வரவில்லையா? உங்கள் யூசர் வீடியோ, ரெண்டர் குரூப்புகளில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கறுப்பாகவே இருந்தால், கர்னல் லாகில் ஏஎம்டிஜிபியு என்று வரும் வரிகளை அப்படியே கமெண்டில் போடுங்கள். ராத்திரி உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.