விஎம் டிஸ்க்கை மூடும் நேரத்தில் பாக்கி நிற்கும் ரைட்டுகள்: கேள்வி-பதில்

ஒரு கம்ப்யூட்டருக்குள் (ஹோஸ்ட்) விஎம் எனப்படும் மெய்நிகர் கம்ப்யூட்டரை (அதற்குள் ஓடும் சிஸ்டம் கெஸ்ட்) ஓட்ட உதவும் கேவிஎம், கியூஎம்யூ ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் டிஸ்க்கை மூடுவது பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். கவனக்குறைவால் டேட்டா போவது இந்த இடத்தில்தான் அதிகம், அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: சார், விர்ஷ் (விஎம்களைக் கட்டுப்படுத்தும் கட்டளை) ஷட்டவுன் கொடுத்தால் சில விஎம் அணைவதே இல்லை. நேராக டெஸ்ட்ராய் (கட்டாயமாக நிறுத்துவது) கொடுத்துவிடுகிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தொடரலாமா?

வேண்டாம். டெஸ்ட்ராய் கொடுத்ததும் லிப்விர்ட் (விர்ஷுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள்) முதலில் சிக்டெர்ம் (வெளியேறச் சொல்லும் சிக்னல்) அனுப்பும். அதை வாங்கிய கியூஎம்யூ தன்னிடம் வந்து சேர்ந்த ரைட்டுகளை (டிஸ்க்கில் எழுதும் கோரிக்கைகள்) முடித்து, ஃப்ளஷும் (கேஷில் இருப்பதை டிஸ்க்கில் நிலையாக இறக்குவது) செய்துவிட்டுத்தான் வெளியேறும். சில விநாடிகளில் அது போகவில்லை என்றால்தான் சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்) விழும். ஆக ஹோஸ்ட் பக்கம் பெரும்பாலும் ஒழுங்காகவே முடிகிறது, சிக்கல் கெஸ்ட்டுக்குள் இருக்கிறது. லினக்ஸ் கெஸ்ட்டில் இப்போது சேவ் செய்த ஃபைல் வழக்கமான செட்டிங்கில் 30 விநாடிக்கு மேல்கூட ரேமிலேயே கிடக்கலாம், அது கியூஎம்யூவுக்கு இன்னும் வந்தே சேரவில்லை, அப்புறம் அது எதைக் காப்பாற்றும்? ஜர்னல் (ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) இருப்பதால் ஃபைல் சிஸ்டம் திரும்ப மவுண்ட் ஆகிவிடும், நாமும் நிம்மதியாகிவிடுவோம், கடைசியாக எழுதிய ஃபைல் காலியாகவோ பழையதாகவோ இருப்பது நாள் கழித்துத்தான் தெரியும்.

ஷட்டவுனுக்கு விஎம் அசையவில்லை என்றால், கெஸ்ட் ஏசிபிஐ பவர் பட்டனைக் (ஷட்டவுன் கட்டளை அழுத்திக் காட்டும் மெய்நிகர் பட்டன்) கவனிக்கிறதா என்று முதலில் பாருங்கள், கியூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டைப் (கெஸ்ட்டுக்குள் ஓடும் உதவி புரோகிராம்) போட்டு அதன் வழியாக ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். டெஸ்ட்ராய் தவிர வழியே இல்லை என்ற நிலை வந்தால் கிரேஸ்ஃபுல் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுங்கள், சிக்கில் வரை போகாது.

கேள்வி: சி-யில் சொந்தமாக ஒரு டிஸ்க் பேக்எண்ட் (விஎம்மின் டிஸ்க் ரிக்வெஸ்ட்டுகளை நிறைவேற்றும் பகுதி) எழுதுகிறேன். குளோஸ் கூப்பிடும்போது ஏசிங்க் ரிக்வெஸ்ட்டுகள் (பதிலுக்கு நிற்காமல் அனுப்பியவை) பாக்கி இருந்தால் கேன்சல் செய்வதா, காத்திருப்பதா?

காத்திருங்கள். கேன்சல் என்பது காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் டிஸ்க் ஐஓ ஒருமுறை கெர்னலுக்குள் இறங்கிவிட்டால் பொதுவாக அதைத் திரும்ப இழுக்க முடியாது. ஐஓ-யூரிங்கில் (லினக்ஸின் ஏசிங்க் ஐஓ வசதி) கேன்சல் அனுப்பினாலும் ஏற்கெனவே ஓடத் தொடங்கிய டிஸ்க் ரைட் ஓடித்தான் முடியும். அது முடிவதற்குள் நீங்கள் பஃபரை ஃப்ரீ செய்துவிட்டால், பாக்கி நின்ற ஒரு ரீட் வந்து வேறு யாருக்கோ கொடுக்கப்பட்ட மெமரியில் எழுதிவிட்டுப் போகும். த்ரெட் பூல் வைத்திருந்தால் இதைவிட மோசம்: நீங்கள் எஃப்டியை (திறந்த ஃபைலுக்கு கெர்னல் தரும் எண்) மூடுகிறீர்கள், அதே எண் அடுத்து திறந்த வேறொரு ஃபைலுக்குப் போகிறது, தாமதமாக எழுந்த த்ரெட் பழைய எண்ணை நம்பி அந்த ஃபைலில் எழுதிவிடுகிறது. லாகில் ஒரு எர்ரர்கூட இருக்காது. இப்படிப்பட்ட பக்கைத் தேடி வாரக்கணக்கில் தூக்கம் கெடும்.

கியூஎம்யூ தன் இமேஜை (விஎம்முக்கு டிஸ்க்காக இருக்கும் ஃபைல்) மூடும் வரிசையைப் பாருங்கள், அப்படியே பின்பற்றலாம். புது ரிக்வெஸ்ட் வராமல் முதலில் வாசலை அடைக்கிறது, பறந்துகொண்டிருப்பவற்றை ஒரு கவுண்டர் வைத்து அது பூஜ்யமாகும் வரை காத்திருக்கிறது, பிறகு ஃப்ளஷ், அந்த ஃப்ளஷே புதிதாக ஏதாவது ஐஓ கிளப்பியிருக்கலாம் என்பதால் மறுபடி ஒருமுறை டிரெயின் (பாக்கி எல்லாம் முடியும் வரை காத்திருப்பது). கவுண்டரைக் கால்பேக் முடிந்த பிறகுதான் குறைக்க வேண்டும், முன்னே அல்ல.

டிரெயினும் ஃப்ளஷும் ஒன்றல்ல என்பதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். டிரெயின் முடிந்தால் ரைட்டுக்குப் பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அது ஹோஸ்ட்டின் பேஜ் கேஷிலோ (ஃபைல் டேட்டாவை ரேமில் வைக்கும் இடம்) டிஸ்க்கின் சொந்த கேஷிலோ இருக்கலாம். ஃப்ளஷ் தோற்றால் அதைக் கட்டாயம் மேலே சொல்லுங்கள். அடுத்த எஃப்சிங்க் (கெர்னலிடம் ஃப்ளஷ் கேட்கும் அழைப்பு) வெற்றி என்று வருவதை நம்பி விடாதீர்கள், முதல் தோல்வியிலேயே லினக்ஸ் பேஜ் கேஷில் இருந்த அந்தப் பக்கங்களைக் கிளீன் (எழுத இனி ஒன்றுமில்லை) என்று குறித்திருக்கலாம். 2018இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆட்கள் கிளப்பிய பெரிய விவாதம் இதைப் பற்றித்தான்.

கேள்வி: விஎம் டிஸ்க்கின் செட்டிங்கில் கேஷ்=நன் வைத்திருக்கிறேன். எனக்கு ஃப்ளஷ் தேவையில்லைதானே?

தேவை. அது ஹோஸ்ட்டின் பேஜ் கேஷை மட்டும்தான் தாண்டுகிறது, டிஸ்க்கின் கேஷ் அப்படியே இருக்கிறது. ஃப்ளஷைக் கண்டுகொள்ளாத மோட் கேஷ்=அன்சேஃப். இன்ஸ்டால் செய்து பார்க்கும் டெஸ்ட் விஎம்மைத் தவிர வேறு எதிலும் அதை வைக்காதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களும் கவனிக்க: ஐடிஇ, சாட்டா டிஸ்க்குகளுக்கு கெஸ்ட் அனுப்பும் ஃப்ளஷை அது வழக்கமாகவே ஒதுக்கிவிடும், வேண்டுமென்றால் நாம்தான் செட்டிங்கை மாற்ற வேண்டும்.

கேள்வி: இமேஜ் என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) இருக்கிறது. சர்வர் தொங்கிவிட்டது, கியூஎம்யூ டி நிலையில் (ஐஓவுக்காகக் காத்து உறைந்த நிலை) நிற்கிறது, கில் மைனஸ் 9க்கும் சாகவில்லை. இன்னொரு ஹோஸ்ட்டில் அதே இமேஜைத் திறந்துகொள்ளலாமா?

கண்டிப்பாகக் கூடாது. ஹார்டு மவுண்ட் (சர்வர் வரும் வரை விடாமல் முயலும் இணைப்பு) என்றால் அந்த ரைட்டுகள் இன்னும் கெர்னலில் உயிரோடு இருக்கின்றன, சர்வர் திரும்பியதும் போய் எழுதும். அதற்குள் வேறு இடத்தில் விஎம் ஓடினால் ஒரே கியூகவ்2 (கியூஎம்யூவின் இமேஜ் வடிவம்) இமேஜில் இரண்டு பேர் எழுதி மெட்டாடேட்டா சிதைந்துபோகும். 2017இல் வந்த கியூஎம்யூ 2.10 முதல் இமேஜ் லாக் இருக்கிறது, ஆனால் என்எஃப்எஸ் சர்வர் ரீபூட் ஆன நேரத்தில் அதை மட்டும் நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன். ஒன்று சர்வர் வரும் வரை பொறுங்கள், அல்லது பழைய ஹோஸ்ட்டின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டுப் புதியதில் கியூஎம்யூ-இமேஜ் செக் ஓட்டிப் பார்த்து அப்புறம் திறங்கள்.

கேள்வி: ஹோஸ்ட் டிஸ்க் நிறைந்து விஎம் பாஸ் ஆகி (பாதியில் அப்படியே நின்று) விட்டது. ரீஸ்டார்ட் செய்யவா?

ஐயோ, தொடாதீர்கள். இடம் இல்லை என்ற எர்ரர் வந்தால் விஎம்மை நிறுத்தி வைப்பதுதான் கியூஎம்யூவின் வழக்கமான அமைப்பு. தோற்ற ரைட்டுகள் பத்திரமாகக் காத்திருக்கின்றன. இடம் ஒதுக்கிவிட்டு விர்ஷ் ரெஸ்யூம் கொடுங்கள், அவற்றை மறுபடி அனுப்பும், கெஸ்ட்டுக்கு நடந்ததே தெரியாது. இந்த நிலையில் விஎம்மைக் கொன்றால் அந்த ரைட்டுகள் போனதுதான்.

கேள்வி: ஓடும் விஎம்மிலிருந்து ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்ற?

கெஸ்ட்டில் முதலில் அன்மவுண்ட், பிறகு விர்ஷ் டிட்டாச்-டிஸ்க். கட்டளை வெற்றி என்று வந்தால் கோரிக்கை போய்ச் சேர்ந்தது என்று மட்டும்கூட அர்த்தமாக இருக்கலாம், கெஸ்ட் சம்மதித்த பிறகுதான் டிஸ்க் உண்மையில் விலகும். டிவைஸ் ரிமூவ்டு ஈவென்ட் வருகிறதா அல்லது விர்ஷின் டோம்பிளாக்லிஸ்ட்டில் (விஎம்மின் டிஸ்க் பட்டியல்) அந்த டிஸ்க் மறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே இமேஜ் ஃபைலைக் காப்பி செய்வதோ நகர்த்துவதோ செய்யுங்கள்.