மிச்சத்தை அப்படியே திரும்பப் பரிமாறாதீர்கள்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர், ஒருவர் சம்பளம். மீந்ததைப் பத்திரமாக ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கிறேன். மறுநாள் தட்டில் வைத்தால் "நேத்து சாப்பிட்டதுதானே?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் குப்பைக்குத்தான் போகிறது. என்ன செய்வது?

பதில்: பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்றைய குழம்பே இன்றும் அதே கிண்ணத்தில் வந்தால் யாருக்கும் இறங்காது. வைத்த மொத்தத்தையும் ஒரே ருசியில் முடித்துவிடுகிறோமே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

என் கணவர் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். இரண்டு நாளைக்கு வேண்டிய பயறைச் சேர்த்தே வேகவைப்பேன். காரம் போடுவதற்கு முன்பே பாதியை எடுத்துத் தனியாக ஆறவைத்துவிடுவேன். முதல் நாள் வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கிச் சேர்த்தால் குழம்பு. அடுத்த நாள் அந்த வெறும் பயறை மசித்து, வெந்த உருளைக்கிழங்கு ஒன்றும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகுத்தூளும் பிசைந்து, உள்ளங்கையில் வட்டமாகத் தட்டிக் கல்லில் போடுவேன். ஓரம் சிவந்து மொறுமொறுப்பாகும் வரை புரட்டாமல் பொறுத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் உடைந்துவிடும். பிள்ளைகள் அடுப்படியிலேயே நின்று சுடச்சுட வாங்கித் தின்றார்கள். நேற்று வெந்த பயறா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோழியும் அப்படித்தான். முழுக் கோழி வாங்கினால் முதல் நாள் கால், தொடை. மறுநாள், வேகவைத்து எடுத்து வைத்த நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்த்துக் காய்கறியோடு வதக்கினால், இரண்டு கைப்பிடி கறி ஐந்து பேருக்கும் வரும். எலும்பை மட்டும் தயவுசெய்து வீசாதீர்கள். அது மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு வெங்காயம், கேரட்டின் நுனிகள், நாலு மிளகு போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். வடிகட்டி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடாமல் தளதளவென்று ஆடும். எலும்பிலும் மூட்டிலும் இருந்த கொலாஜன் என்ற புரதம், குளிர்ந்தால் உறையும் ஜெலட்டினாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேலே படிந்திருக்கும் கொழுப்பை வழித்து வைத்துக்கொண்டால் காய் வதக்க ஆகும். முட்டைக்கோஸ் தண்டை இதில் போட வேண்டாம், நேரம் ஆக ஆக ஒரு கசப்பு ஏறிவிடும்.

அப்புறம் ஒரு வேலை. ஒரு வாரத்துக்குக் குப்பைக்கூடைக்கு மேலே ஒரு தாளை ஒட்டி, கொட்டுவதையெல்லாம் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் ரொட்டி ஓரங்களும் அரைத்தட்டு சாதமும் திரும்பத் திரும்ப வந்தன. அரிசியில் அரை டம்ளர் குறைத்தேன், யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. 2022-இல் உலகம் முழுக்க வீணான 105 கோடி டன் உணவில் சுமார் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதைப் படித்தபோது அந்தத் தாள்தான் என் கண்முன் வந்தது.

கேள்வி: மீந்த சாதத்தைச் சூடாக்கினால் விஷமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சூடாக்குவதால் வரும் கெடுதல் இல்லை அது, சாதம் நெடுநேரம் வெளியில் கிடப்பதால் வருவது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும், நஞ்சையும் உண்டாக்கும். மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஆழமான பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு நிற்கும், அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு மூடி வையுங்கள். மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள், அதுவும் ஒரே ஒரு முறை. இரவு முழுக்க மேடையில் மறந்துவிட்ட சாதத்தை, மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

ஒழுங்காகக் குளிர்ந்த சாதம் உண்மையில் ஒரு வரம். மாவுச்சத்து இறுகிப் பருக்கை பருக்கையாக உதிரும். சூடான வாணலியில் வெங்காயமும் இரண்டு முட்டையும் சேர்த்துப் புரட்டினால் குழையாமல் வரும். புதிதாக வடித்த சாதத்தில் இந்தப் பதம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: மலிவாக இருக்கிறதே என்று காய்ந்த ராஜ்மா வாங்கி, மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையில் போட்டேன். எல்லோருக்கும் வாந்தி. பயறு கெட்டுப்போனதா?

பதில்: கெட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. நீங்கள் சொல்லும் பானையின் இளஞ்சூடு அதை அழிக்கப் போதாது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகு எதில் வேண்டுமானாலும் மெத்தென்று வேகவைக்கலாம். பயந்து விட்டுவிடாதீர்கள். ஒரு கப் காய்ந்த பயறு வெந்தால் இரண்டரைக் கப்புக்குக் குறையாது. ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரொட்டி ஃபிரிட்ஜில் வைத்தும் விறைத்துப் போகிறதே?

பதில்: ஃபிரிட்ஜில் வைப்பதால்தான் அது சீக்கிரம் விறைக்கிறது. இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால், துண்டு துண்டாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டியபோது எடுத்து நேராகக் கல்லில் வாட்டினால் மெத்தென்று ஆகிவிடும். ஏற்கெனவே விறைத்ததைக் கிள்ளிப் போட்டு, முட்டையும் பாலும் அடித்து ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மூடிபோட்டு இளந்தீயில் வேகவிடுங்கள். பூசணம் பூத்த ரொட்டி என்றால் மட்டும், பூத்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்னக் கூடாது. முழுசாகவே போட்டுவிடுங்கள்.